விடுதலைப் பத்திரமும் பேய் சீரியலும்

1. கறுப்பு கோட்டு

குடவாசல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஷூட்டிங். வேனை விட்டு இறங்கும்போதே கறுப்பு கோட்டு போட்டிருந்தேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. டீக்கடையில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் கப்பென்று வாயை மூடிக்கொண்டார்கள். பேய் சீரியலில் வக்கீல் வேஷம் போட வந்தவன் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? எங்கள் பக்கத்தில் வக்கீல் ஊருக்குள் வந்தால் யார் நிலத்துக்கோ ஆபத்து என்று அர்த்தம்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நடிக்க வருவதற்கு முன்னால் தஞ்சாவூரில் பதினாறு வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். குத்தகைக்கு உழுகிறவர் பேரைத் தாலுகா ஆபீசில் பதியவேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்த காலம். பதிந்துவிட்டால் மிராசுதார் நினைத்தபோது அவரை வெளியேற்ற முடியாது. அதனால் எங்கள் சீனியரிடம் வந்த மிராசுதார்கள் எல்லாருக்கும் ஒரே அவசரம். 'நானாகவே நிலத்தை விட்டுவிட்டேன்' என்று உழுகிறவனிடம் முன்கூட்டியே கைநாட்டு வாங்கவேண்டும். மை டப்பாவை நீட்டியது நான்தான்.

2. நடுவுல ஒரு சிரிப்பு

சீரியல் கதையும் அந்தக் காலத்தில் நடப்பதுதான். முத்தன் என்ற குத்தகைக்காரனின் மனைவி வாய்க்காலில் செத்துப்போய் ஆவியாக வந்து மிராசுதார் குடும்பத்தை ஆட்டிவைக்கிறாள். அந்தக் குடும்பத்து வக்கீல் நான். பகலில் முத்தனை ஏமாற்றுவேன். சாயங்காலம் அவன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் என் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவேன்.

டைரக்டரிடம் கேட்டேன். "சார், இந்த ஆளு நல்லவனா கெட்டவனா?"

"அது தெரிஞ்சா சீரியல் முடிஞ்சிடும் சார். ரெண்டுக்கும் நடுவுல ஒரு சிரிப்பு சிரிங்க, போதும்."

ஷூட்டிங் நடந்த பழைய பங்களா ராஜாமணி என்பவருடையது. கேட்ட உடனே வீட்டைக் கொடுத்துவிட்டார். ஒரே ஒரு ஆசைதான் அவருக்கு. கைநாட்டு சீனில் முத்தனாக ஊர்க்காரர் கோவிந்தன்தான் நடிக்கவேண்டும். "உழுற முகம்னா அதான் சார் முகம்" என்றார். விசாரித்தேன். ராஜாமணியின் வாய்க்கால் மேட்டு நிலத்தைப் பதிவோடு உழுகிற குத்தகைக்காரர் இந்தக் கோவிந்தன்.

கோவிந்தனுக்கு அறுபது வயசிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. மேக்கப் போடும்போது என்னையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க நெசமாவே வக்கீலுங்களா?"

"ஐயையோ, நடிகன்ங்க."

"வக்கீலுங்களும் நல்லாத்தான் நடிப்பாங்க" என்றார்.

3. கை வச்சா விடுதலை

சீன் இதுதான். முத்தனை ஏமாற்றிக் கைநாட்டு வாங்கவேண்டும். என் வசனம்: "இந்த விடுதலைப் பத்திரத்துல கை வைப்பா. உன் பொண்டாட்டி ஆத்மாவுக்கு விடுதலை கிடைச்சிடும்." ஆவிக்கு விடுதலை, அதனால் விடுதலைப் பத்திரம், ரைட்டர் கற்பனையாக வைத்த பேர் என்று யூனிட்டே நினைத்தது. ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் நின்ற யாரையாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். விடுதலைப் பத்திரம் என்பது சொத்தில் தனக்குள்ள உரிமையை ஒருவர் விட்டுக்கொடுப்பதாக எழுதித்தருவது.

ரிகர்சலில் ஜெராக்ஸ் பேப்பர் வைத்திருந்தோம். டேக் போகும் சமயத்தில் ராஜாமணியே ஒரு பைலோடு வந்தார். "இது பாக்க அசல் மாதிரி இருக்கும், இத வச்சுக்குங்க."

தொட்டதுமே கைக்குத் தெரிந்துவிட்டது. அசல் முத்திரைத்தாள். திருப்பினேன். பின்னால் முத்திரைத்தாள் விற்பவரின் சீல், வாங்கியவர் பெயர் ராஜாமணி. உள்ளே டைப் அடித்திருந்தது முத்தன் பேர் இல்லை, கோவிந்தன் பேர். அடப்பாவி! ரிஜிஸ்டர் ஆகாத காகிதம்தான். ஆனால் கோர்ட்டில் நீட்டிக் கேஸை வருஷக்கணக்கில் இழுக்க அது போதும். கட்டாயப்படுத்தவில்லை, சிரித்துக்கொண்டே கை வைத்தான் என்பதற்குக் கேமராவில் படம் வேறு. அந்த மனுஷனுடைய ஒரே பிழைப்பு அந்த நிலம்.

உடனே கத்தினேன் என்று எழுதத்தான் ஆசை. கத்தவில்லை. கேமராவுக்குப் பின்னால் ராஜாமணி கைகட்டி நின்றார். சொன்னால் ஷூட்டிங் நிற்கும், என் வேஷம் போகும். நமக்கென்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அதையும் மறைக்கவில்லை.

"ஆக்‌ஷன்!"

கோவிந்தனின் பெருவிரலில் மை தடவியாயிற்று. அவர் குனிந்தார். என் வாயிலிருந்து வேறு வசனம் வந்தது.

"இருப்பா. படிச்சுக் காட்டாம கை வாங்குறது தப்பு."

குமாஸ்தா வேலையில் நான் ஒருநாளும் படித்துக் காட்டியதில்லை. 'படிக்கக் கேட்டு ஒப்புக்கொண்டது' என்று கடைசியில் ஒரு வரி மட்டும் எழுதிவிடுவேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக உரக்கப் படித்தேன். "அம்மாசி மகன் கோவிந்தன் ஆகிய நான், வாய்க்கால் மேட்டு நிலத்தில் எனக்குள்ள குத்தகை உரிமையை மனப்பூர்வமாக விட்டுக்கொடுத்து..."

கோவிந்தனின் கை அப்படியே நின்றது. "எங்கப்பன் பேரு உங்க கதையில எப்படிங்க வந்துச்சு?"

"சூப்பர்! கட் பண்ணாதீங்க, ஓடட்டும்!" என்று டைரக்டர் குதித்தார்.

"யோவ், உன் டயலாக்க மட்டும் பேசுய்யா!" என்று ராஜாமணி பாய்ந்து வந்தார். "சும்மா செட் பேப்பருப்பா, குடு இங்க."

கோவிந்தன் முந்திக்கொண்டார். காகிதத்தைப் பிடுங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, பெருவிரல் மையைத் துண்டில் அழுத்தித் துடைத்தார்.

பங்களா அன்றோடு போயிற்று. அடுத்த வாரமே சீரியலில் ஆவி என்னைக் கிணற்றில் தள்ளிக் கொன்றுவிட்டது.

4. ரெண்டு தடவை

அன்று சாயங்காலம் வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போது கோவிந்தன் வந்தார். கூடவே அவர் மனைவி செல்லம்மாவும், விவசாயச் சங்கத்து ஆள் ஒருவரும். நன்றி சொல்ல வருகிறார்கள் என்று நினைத்து மூஞ்சியைக் கொஞ்சம் அடக்கமாக வைத்துக்கொண்டேன்.

"இன்னொரு தடவை படிங்க சார்" என்று காகிதத்தை நீட்டினார்.

படித்தேன். வாங்கிச் சங்கத்து ஆளிடம் கொடுத்தார். அவரும் முதலிலிருந்து படித்தார். செல்லம்மா ஒவ்வொரு சொல்லாகக் கவனித்துக் கேட்டார். "ரெண்டு பேரு படிச்சதும் ஒண்ணுதான்" என்று புருஷனிடம் சொன்னார்.

எனக்குச் சுருக்கென்றது. "நான் பொய்யா படிப்பேன்னு நெனச்சீங்களா?"

"கோவிச்சுக்காதீங்க சார்" என்றார் கோவிந்தன். "இன்னிக்கு நல்லவரா இருந்தீங்க. நேத்து எப்படின்னு எங்களுக்குத் தெரியாதுல்ல."

சட்டத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். உங்களைச் சந்தேகப்படுகிறவர்கள்மேல் கோபப்படாதீர்கள். நீங்கள் படித்ததை இன்னொருவரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்வது அவமானம் இல்லை, அவர்களுடைய உரிமை.

நேற்று எப்படி இருந்தேன் என்று அவர் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.