எங்கள் கல்யாணம் நடக்கவே இல்லை என்று சொல்லச் சொன்னார்கள்

எங்கள் கல்யாணத்தில் இருந்தவர்கள்: பாஸ்டர், அவர் மனைவி, எஸ்தரின் அப்பா, அம்மா, என் அம்மா. பிறகு எஸ்தரும் நானும். அவ்வளவுதான். என் அப்பா இல்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கான்ட்ராக்ட் வேலை, முந்தின நாள் கேட்டால் லீவு தர மாட்டார்கள். என் அக்கா இல்லை. ஆரணியில் மாமியார் வீட்டில் இருந்தாள், அவளுக்குச் சேதி போனதே மறுநாள்தான். போட்டோக்காரர் இல்லை. பந்தல் இல்லை. கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஜெப வீட்டில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தாலி கட்டினேன். அம்மா வீட்டிலிருந்தே சோறும் கறிக்குழம்பும் ஆக்கிக் கொண்டுவந்திருந்தாள். அந்த வாரமே எஸ்தர் கனடாவுக்கு விமானம் ஏறினாள்.

இருந்தவர்களையும் இல்லாதவர்களையும் நான் ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு ஒரு நாள், இந்தக் கல்யாணம் நடக்கவே இல்லை என்று சொல்லும்படி எங்களைக் கேட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாக அடங்கவில்லை. கோபத்தோடுதான் சபையாருக்கு இந்தச் சாட்சியை எழுதுகிறேன். கர்த்தருக்கு அது தெரியும்.

என் பெயர் தானியேல். அப்பா, அம்மா இருவரும் கைநாட்டு. எங்கள் வம்சத்தில் பத்தாவது தாண்டியவன் நான்தான். டிப்ளமோ முடித்துக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்க்கிறேன். எஸ்தர் மீஞ்சூர்ப் பெண். நர்ஸ். பரீட்சைமேல் பரீட்சை எழுதித் தன் சொந்த உழைப்பில் கனடாவின் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்தாள். விசா கையில் வந்தபோது எங்களுக்கு நிச்சயம் முடிந்து, சபையில் கல்யாண அறிவிப்பான ஓலையும் வாசித்தாகிவிட்டது. கல்யாணத்தை அவள் முதல் லீவில் வரும்போது வைக்கலாம் என்றுதான் பேச்சு.

என் மாமனாருக்கு மனசு கேட்கவில்லை. டிக்கெட் போட்ட பிறகு வந்து உட்கார்ந்துகொண்டார். "கழுத்துல ஒன்னும் இல்லாம பொண்ண அம்மாந்தூரம் அனுப்ப மாட்டேன் மாப்ள. நாளைக்கு ஊரு இன்னா பேசும்? கட்டிட்டு அனுப்பு. சாப்பாடுலாம் அப்புறம் பாத்துக்கலாம்."

எங்கள் பக்கம் இது வழக்கம்தான். பையன் போனால் வழியனுப்புவார்கள். பெண் போனால் தாலியைக் கட்டி அனுப்புவார்கள்.

எஸ்தரின் பேப்பர் வேலைகளைப் பார்த்தவர் சென்னையில் கன்சல்டன்சி வைத்திருந்த ஒரு விசுவாசி. பெயரைச் சொல்ல மாட்டேன். ஃபைலைத் திறப்பதற்கு முன் அதன்மேல் கை வைத்து ஜெபிப்பார். நாங்கள் விழுந்தது இதில்தான். நம் ஜனங்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. ஜெபித்துவிட்டு ஆரம்பிக்கிறவரை நாம் கேள்வி கேட்க மாட்டோம். கேட்டால் விசுவாசக் குறைவு என்று நினைப்பார்களோ என்று பயம்.

கல்யாணம் முடிந்ததும் எஸ்தர் அவருக்குப் போன் செய்து, "இப்ப இன்னா சொல்றது பிரதர்?" என்று கேட்டாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். அவர் சொன்னார்: "ஒன்னும் சொல்லாதீங்க சிஸ்டர். பேப்பர்ல சிங்கிள்னு இருக்கு. அங்க எறங்கும்போது கேட்டா சிங்கிள்னே சொல்லிடுங்க. மாத்தினா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். பிரதர ஒரு வருஷத்துல கூப்ட்டுக்கலாம். கர்த்தர் பாத்துப்பார்."

பாரத்தைக் கர்த்தர்மேல் போட்டுவிட்டு, ஃபீஸை மட்டும் அவர் வாங்கிக்கொண்டார்.

அந்த ஊர் ஏர்போர்ட்டில் அதிகாரி கேட்டார். குடும்ப நிலையில் மாற்றம் உண்டா? எஸ்தர் இல்லை என்றாள். துணியை இழுத்துவிட்டுத் தாலியை மறைத்துக்கொண்டு சொன்னாளாம். அன்றைக்கே என்னிடம் அழுதாள். "இயேசுவத் தெரியாதுன்னு மறுதலிச்ச பேதுரு மாதிரி ஆயிட்டேன்பா" என்றாள். நான் படித்தவன் அல்லவா, அவளைத் தேற்றினேன். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான்" என்றேன்.

அது ஃபார்மாலிட்டி இல்லை. அந்த நாட்டில் ஒரு விதி இருக்கிறது. நிரந்தரமாக வசிக்க உள்ளே நுழையும்போது கணவனோ மனைவியோ இருப்பதைச் சொல்லாமல் விட்டால், பிறகு அவரைக் குடும்பம் என்று கூப்பிட முடியாது. ஒரு வருடம் கழித்தும் முடியாது, பத்து வருடம் கழித்தும் முடியாது. அவள் குடியுரிமையே வாங்கினாலும் முடியாது. இது தெரியாமல் ஒருவர் கன்சல்டன்சி போர்டு மாட்டிக்கொண்டு ஜெபம் செய்துகொண்டிருந்தார்.

அவரே எனக்காக விண்ணப்பம் போட்டார். நான் காத்திருந்தேன். வரிசை நீளம், பொறுமையாக இருங்கள் பிரதர் என்பார். நடுவில் சுற்றுலா விசா கேட்டேன், மனைவி அங்கே இருப்பதால் திரும்ப மாட்டாய் என்று மறுத்துவிட்டார்கள். எஸ்தர் ஒரு முறை லீவில் வந்து போனாள். அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் கர்ப்பம் என்று தெரிந்தது. பனிக்காலத்தில் எங்கள் மகள் ஜெனி பிறந்தாள். பிரசவ அறையில் எஸ்தரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது அவளோடு வேலை செய்யும் ஒரு பஞ்சாபிப் பெண். நான் அந்த நேரம் கம்பெனியில், ஒரு டிரே நிறைய ரிஜெக்ட் ஆன பீஸ்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பதில் வந்தது. கேன்டீனில் உட்கார்ந்து போனில் படித்தேன். நான் எஸ்தரின் குடும்பத்தைச் சேர்ந்தவனாகக் கருதப்பட மாட்டேனாம். என் மகளின் அப்பா. நான் குடும்பம் இல்லையாம்.

மறுநாள் மாமனாரும் நானும் அந்த ஆபீஸுக்குப் போனோம். அந்த மனிதர் வழக்கம்போல் ஜெபிக்கக் கண்ணை மூடினார். "கண்ணத் தெறங்கண்ணே, முதல்ல இதப் படிங்க" என்றேன்.

படித்துவிட்டு அவர் சொன்ன யோசனைகளைக் கேளுங்கள். ஒன்று, பாஸ்டரிடம் புதுத் தேதி போட்டு வேறு சான்றிதழ் வாங்குவது, முதலில் நடந்தது நிச்சயம்தான் என்று எல்லோரும் எழுதிக் கொடுப்பது. இல்லாவிட்டால் கோர்ட்டில் விவாகரத்து வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்யாணம் செய்வது. "பேப்பர்ல மட்டும்தான் பிரதர். கர்த்தர் இருதயத்தத்தான் பாக்கறார்."

கட்டின தாலியை அறுத்துவிட்டு மறுபடி கட்டச் சொல்கிறவர் என்னிடம் கர்த்தரின் பெயரைச் சொல்கிறார். மேசைமேல் இருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்தேன். எடுக்கவில்லை. அதுவும் ஒரு கிருபைதான்.

ஆனால் என் மாமனார் அந்த முதல் யோசனையைப் பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். "ஒரு தேதிதானே மாப்ள. நிச்சயம்னு சொல்லிட்டுப் போவோம். யாரு வந்து பாக்கப்போறா? ரெண்டாவது வழின்னா பொண்ணு வாழாவெட்டின்னு பேராயிடும்."

"கட்டிட்டுத்தான் அனுப்புவேன்னு ஒக்காந்துக்கினு இருந்தது யாரு மாமா? இப்ப கட்டவே இல்லன்னு நான் எழுதித் தரணுமா?"

"அப்ப ஊருக்கு பயந்தேன். இப்ப பேத்திக்கோசரம் சொல்றேன். எல்லாத்துக்கும் கோவப்பட்டா எப்படிபா?"

அதுவரை அடுப்படியில் இருந்த என் அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். "இன்னா சம்மந்தி, நிச்சயமா அது? காலையில நாலு மணிக்கு எழுந்து கறியாக்கி, தூக்குல போட்டுக்கினு ஷேர் ஆட்டோவுல வந்தேன். ரெண்டு தபா கொழம்பு வாங்கி ஊத்திக்கினு சாப்ட்டீங்களே, அப்ப தெரியலியா அது நிச்சயம்னு? எம் மருமவளப் பத்தி எவன் கேட்டாலும் நான் கல்யாணம்னுதான் சொல்லுவேன். கைநாட்டு வெச்சித் தரேன், போங்க."

மாமனார் எழுந்து செருப்பை மாட்டினார். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் நான் ஆராதனைக்குப் போகவில்லை. மறைக்காமல் சொல்கிறேன். யாராவது எழுந்து, ஒரே வாரத்தில் விசா வந்தது, ஸ்தோத்திரம் என்று சொன்னால் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். காத்திரு தம்பி, கர்த்தரின் வேளை வரும் என்று சொன்னவர்கள் எல்லாம் சாயங்காலம் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அம்மாவின் தொல்லையால் ஒரு ஞாயிறு போனேன். ஆராதனை முடிந்து ஜனங்கள் கலைந்ததும் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்க அடுக்கக் கோபம் ஏறியது. கத்த ஆரம்பித்துவிட்டேன். "ஆண்டவரே, உம்முடைய சந்நிதியில்தான் கட்டினேன். நீர் அங்கே இருந்தீரா இல்லையா? அந்த நாட்டு அதிகாரி என்னைக் குடும்பம் இல்லை என்கிறார். மாமனார் மறுக்கிறார். உம் பெயரைச் சொல்லிப் பணம் வாங்கியவன் அழிக்கச் சொல்கிறான். எனக்கு விசாகூட அப்புறம். இந்தக் கல்யாணம் நடந்தது என்று நீராவது சொல்லும். சொல்லாவிட்டால் இனிமேல் என்னிடம் பேசாதேயும்." கடைசி நாற்காலியைத் தூக்கி எறிந்தேன்.

பாஸ்டரின் மனைவி வாசலில் நின்றிருந்தார். "நல்லா கத்து தானி. அவரு தாங்குவாரு. நாற்காலி தாங்காது, வாடகை நாற்காலி" என்றார்.

நான் வாழ்க்கையில் உண்மையாக ஜெபித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அந்த வாரமே எஸ்தர் கூப்பிட்டாள். பிரசவத்தில் கூட இருந்த அந்தப் பஞ்சாபிப் பெண், சனிக்கிழமைகளில் இலவசமாக ஆலோசனை சொல்லும் ஒரு வக்கீலம்மாவிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். வக்கீலம்மா ஜெபம் எதுவும் செய்யவில்லை. எல்லாப் பேப்பரையும் படித்தார். விவாகரத்து, மறுகல்யாணம் எல்லாம் உதவாது, இருக்கிற வழியையும் அடைத்துவிடும் என்றார். ஒரே ஒரு வழி உண்டு. புதிதாக விண்ணப்பித்து, நடந்ததை நடந்தபடி எழுதி, மனிதாபிமான அடிப்படையில் அந்த விதியிலிருந்து விலக்குக் கேட்பது. குழந்தை இருப்பதை அவர்கள் கணக்கில் எடுப்பார்கள். கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் இஷ்டம். ஆனால் ஏர்போர்ட்டில் பொய் சொன்னதை அவளே எழுதிக் கொடுக்கும்போது, அவளுடைய வசிப்புரிமையே கேள்விக்குள்ளாகலாம். இருப்பதும் போகலாம்.

அவள் அத்தனை வருடம் படித்துச் சம்பாதித்தது அது. "வேணாம் எஸ்தர்" என்றேன்.

"இன்னா வேணாம்? நான்தான் மறுதலிச்சேன், நான்தான் எழுதணும். போனா போவட்டும். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன்கிட்ட ரெண்டு பேரும் நாஷ்டா கடை போடலாம். நீ குவாலிட்டி செக்கிங், நான் ஊசி போட்றேன்."

இரண்டு பக்கம் எழுதினாள். அந்த மனிதர்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கவில்லை. "எனக்குக் கணவர் இருந்தார், பயந்து இல்லை என்று சொன்னேன், என் பொய்க்காக என் மகளிடமிருந்து அப்பாவைப் பிரிக்காதீர்கள்" என்று எழுதினாள். பாஸ்டரும் அவர் மனைவியும் சாட்சிக் கடிதம் கொடுத்தார்கள். அம்மா பொன்னேரியில் நோட்டரி முன்னால் பெருவிரலை அழுத்தமாக வைத்தாள். மாமனார் கடைசியாக வந்தார், என் முகத்தைப் பார்க்காமல், "நான்தான் அவசரப்படுத்திக் கட்டிவெச்சேன்னு அதுல எழுது மாப்ள" என்றார். எழுதினேன். கையெழுத்துப் போட்டார்.

மறுபடியும் காத்திருப்பு. ஆனால் இந்த முறை காத்திருந்தது வேறு மாதிரி இருந்தது. ஒளிக்க எதுவும் இல்லை. அவள் கழுத்தில் தாலி வெளியே தெரிந்தது. வீடியோவில் ஜெனி அதைப் பிடித்து இழுப்பாள்.

ஒரு நாள் மத்தியானம், ஷிஃப்ட் மாறும் நேரம், எஸ்தர் கூப்பிட்டாள். அழுகைதான் கேட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பிறகு சொன்னாள். விலக்குக் கொடுத்துவிட்டார்கள். அவளுடைய வசிப்புரிமையில் கை வைக்கவில்லை. மேற்கொண்டு மெடிக்கலுக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். "வக்கீலம்மா இன்னா சொன்னாங்க தெரியுமாபா? அவங்க இத உண்மையான கல்யாணம்னு ஒத்துக்கினாங்களாம்."

நாற்காலியை எறிந்த அன்று நான் கேட்டது இதைத்தான். விசா அதற்கு மேல் கிடைத்தது. மெஷின் சத்தத்துக்கு நடுவில், எண்ணெய்க் கையோடு, தரையில் முழங்கால் போட்டேன். சூப்பர்வைசர் எனக்கு மயக்கம் என்று தண்ணீர் எடுத்துவந்தார்.

விசா வந்துவிட்டது. இதை நீங்கள் படிக்கும்போது நான் எஸ்தரோடும் ஜெனியோடும் இருப்பேன். ஜெனி என்னைக் கண்டதும் அழலாம் என்று எஸ்தர் எச்சரித்திருக்கிறாள். அழட்டும். நேரில் அழட்டும்.

பிரியமானவர்களே, வெளிநாட்டில் துணை இருந்து, வரிசையில் நின்று நின்று மனசு வெறுத்துப்போனவர்கள் நம் சபைகளிலேயே இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் சொல்வது இதுதான். வழிகளை விசாரியுங்கள், சட்டம் படித்தவரிடம் கேளுங்கள், ஜெபித்தவரிடமும் கேள்வி கேளுங்கள். பொய்யை யோசனையாகச் சொல்கிறவர் எந்த நாமத்தில் சொன்னாலும் எழுந்து வெளியே வாருங்கள். கோபம் வந்தால் அந்தக் கோபத்தோடேயே கர்த்தரிடம் போங்கள். சாந்தமான பிறகு போகலாம் என்று நான் காத்திருந்திருந்தால் இன்னும் போயிருக்க மாட்டேன். அவர் என் கத்தலைக் கேட்டார். என்னைத் திட்டவில்லை. எனக்குப் பதில் சொன்னார். உங்களுக்கும் சொல்வார்.

சாட்சியில் பணத்தைப் பற்றி எழுதாதே என்று சபையில் இரண்டு பேர் சொன்னார்கள். எழுதுவேன். நாம் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொள்வதால்தான் அடுத்த வீட்டுப் பிள்ளையும் போய் அதே மேசையில் பணத்தை வைக்கிறான். ஜெபித்து வாங்கிய ஃபீஸ், மறுக்கப்பட்ட விண்ணப்பங்கள், பிறகு உண்மையை எழுதிப் போட்ட விண்ணப்பம், மெடிக்கல், அம்மா கம்மலை விற்ற காசில் எடுத்த டிக்கெட் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆனது ஆறு லட்சத்து எழுபதாயிரம் ரூபாய். கம்பெனியில் அது என் மூன்று வருடச் சம்பளம்.