ஒற்றை ரிப்பனுக்கு ஒரு சம்மன்

யார் லீவில் போகலாம், யார் உடனே திரும்ப வேண்டும் என்று பட்டாளத்தில் பதினேழு வருஷம் உத்தரவு டைப் அடித்தவன் நான், கிளார்க் ஹவில்தார். தபாலில் படித்த பட்டம் கைகொடுக்க, முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் வாத்தியாரானேன். சேர்ந்ததும் முதல் வேலையாக, சொந்தக் காசில் ஒரு வட்ட முத்திரை செய்துகொண்டேன்: 'வகுப்பாசிரியர், ஒன்பது பி'. தலைமையாசிரியரிடமே அப்படியொன்று கிடையாது.

ஒரு திங்கட்கிழமை, ஒரு மாணவி இரட்டைச் சடையில் ஒன்றுக்கு மட்டும் ரிப்பன் கட்டி வந்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"அப்பாவ அழைச்சிட்டு வந்தாத்தான் கிளாஸுக்குள்ள கால் வைக்கணும்!"

"சார், அத்தா துபாய்ல இருக்காங்க..."

"எங்க இருந்தா எனக்கென்ன?"

பட்டாளத்தில் கூப்பிட்டால், சியாச்சினில் இருந்தாலும் வந்து நிற்க வேண்டும். பழைய பழக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதினேன்: தங்கள் மகளின் ஒழுங்கு மீறல் தொடர்பாகத் தாங்கள் நேரில் ஆஜராக வேண்டும், தவறினால் கடும் நடவடிக்கை. முத்திரையை ஓங்கிக் குத்திக் கொடுத்தனுப்பினேன்.

அவள் அம்மா, பாவம், எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அதை துபாய்க்கு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டார். மகள் அந்த வாரம் பள்ளிக்கே வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வகுப்பு வாசலில் அத்தர் வாசனையோடு ஒருவர் நின்றார். கையிலிருந்த பெட்டியில் ஏர்போர்ட் சீட்டு தொங்கியது. பக்கத்தில் இரண்டு சடையிலும் ரிப்பனோடு அவள்.

"வந்துட்டேன் சார். புள்ள என்ன தப்பு பண்ணுச்சு?"

ரிப்பன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அட கிறுக்கா, ஒரு முழ நாடாவுக்காக ஒரு மனுஷன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டாயே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"பாய், வேலை போயிருச்சா?"

அவர் சிரித்துவிட்டார். "நீங்க வேற சார்! மூணு வருஷமா லீவு கேக்குறேன். அம்மாவுக்கு முடியலன்னேன், தங்கச்சிக்குக் கல்யாணம்னேன், ஒண்ணும் நடக்கல. உங்க பேப்பரப் பாத்ததும் மேனேஜர் மிரண்டுட்டாரு. கவர்மென்ட் சம்மன்னு நெனச்சு பத்து நாள் குடுத்துட்டாரு. இவளப் பாருங்க, என் தோள் உசரம் வந்துட்டா."

அவர் கண் கலங்கியது. பிடித்த என் கையை விடவே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைந்தேன். வணக்கம் சொல்லி மற்றவர்கள் உட்கார்ந்த பிறகும் பதினோரு பேர் நின்றுகொண்டே இருந்தார்கள். ஒருவன் சட்டையைப் புரட்டிப் போட்டிருந்தான். இன்னொருவனுக்கு ஒற்றைக் காலில்தான் செருப்பு. ஒருத்தி தலையை விரித்துப் போட்டிருந்தாள். பதினோரு பேருக்கும் அப்பா வெளிநாட்டில்.

"என்னடா கூத்து இது?" என்று கத்தினேன். சிரிப்பை அடக்கத்தான் அவ்வளவு சத்தம்.

தலைவிரிகோலமாக நின்றவள் முன்னால் வந்து ஒரு வெள்ளைத்தாளை நீட்டினாள்.

"எங்கப்பாவுக்கும் எழுதுங்க சார். பத்து நாளெல்லாம் வேணாம். ஒரு நாள் வந்தாப் போதும்."