ஜால்ராவின் நீளக் கயிறு

எதிர்வீட்டு ஜால்ராவின் கயிறு தேவைக்கு மேல் நீளம். உள்ளங்கையில் அடங்கும் இரண்டு பித்தளைக் கிண்ணங்களை இணைக்க ஒரு சாண் போதும். இதில் ஒரு முழத்துக்கு மேல் இருக்கிறது. சேலையூரில் எங்கள் தெருவின் மார்கழி பஜனைக்குப் புதிதாக வருகிறவர்கள், முடிச்சுப் போட்டுச் சுருக்கித் தரவா என்று கேட்பதுண்டு. எதிர்வீட்டு சார் வேண்டாமென்று தலையசைப்பார்.

அந்த ஜால்ரா அவர் மனைவியுடையது. நாங்கள் அக்கா என்போம். பல ஆண்டுகள் பஜனைக்குத் தாளம் போட்டவர், பக்கவாதத்தில் வலக்கையும் பேச்சும் போய், வாசலை ஒட்டிய ஜன்னலருகே கட்டிலோடு ஒடுங்கினார். அந்த மார்கழியில் ஜால்ராவை எடுத்துக்கொண்டு சார் வந்தார். அக்காவின் இடம் இன்னொருவருக்குப் போய்விடக் கூடாது என்பதைத் தவிர, அவருக்கு இசையில் வேறு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

எண்ணிக்கையில் அவர் பிழை செய்யவில்லை. ஆனால் நடந்தபடியே பாடும் பஜனை எங்களுடையது. அவர் தன் காலடிக்கு ஏற்பத் தட்டினார். பாதாளச் சாக்கடைக்காகத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பள்ளம் வந்தால் தாளம் நின்றது, தாண்டியதும் ஓடியது. நாய் துரத்திய அன்று பாட்டும் அதே வேகத்தில் போயிற்று.

பாட்டை நடத்தும் டீச்சர் சில நாள் பொறுத்துப் பார்த்தார். "ஆபீஸ்ல இத்தன வருஷம் போட்டீங்களே சார், அதே மாதிரி போடுங்க."

"அங்க ரோடு நல்லா இருந்துச்சு டீச்சர்" என்றார் சார். எல்லோரும் சிரித்தோம்.

பிறகு டீச்சர் குரலைத் தணித்துக்கொண்டார். "எண்ணிக்கை கரெக்டா இருக்கு சார். லயம்தான் இல்ல. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவுல இருக்கிற இடம் மாறவே கூடாது. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்கலாம். இல்லன்னா வேற யார்கிட்டயாவது குடுத்துடலாம், தப்பா நெனச்சுக்காதீங்க."

செய்தித்தாளில் வரிகளுக்கு நடுவே விடும் இடத்தைச் சரிபார்த்தே காலம் தள்ளியவன் நான். தாளமும் லயமும் ஒன்றென்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

ஞாயிறன்று, சார் வீட்டு வாசலிலேயே பெரிய பள்ளம். சார் நின்றார், தாளமும் நின்றது. டீச்சர் ஜால்ராவுக்காகக் கையை நீட்டினார். அப்போது ஜன்னல் கம்பியில் கரண்டியால் தட்டும் சத்தம் கேட்டது. அக்காவின் இடக்கை. அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை. பாட்டு எந்த நடையில் இருந்ததோ அதே நடை. சார் தன் கால்களைப் பார்ப்பதை விட்டு ஜன்னலைப் பார்த்தார். நின்ற இடத்திலேயே சேர்ந்து தட்டினார். பாட்டு முடியும்வரை ஒரு தட்டுகூடப் பிசகவில்லை.

"குடுக்கிறதுக்கு ஆள் கெடச்சாச்சு சார்" என்றார் டீச்சர், ஜன்னலைக் காட்டி.

இப்போது தெருவுக்குத் தார் போட்டாயிற்று. சக்கர நாற்காலியை நான் தள்ளுகிறேன். சார் பக்கத்தில் குனிந்து நடந்தபடி ஒரு கிண்ணத்தை அசையாமல் பிடித்துக்கொள்கிறார். மற்றதை அக்கா இடக்கையால் அதில் தட்டுகிறார். கிண்ணத்தை இருவருமே கீழே வைப்பதில்லை. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் சார் முதுகை நிமிர்த்திக்கொள்ள வேண்டும். கயிற்றின் நீளம் அதற்குத்தான்.