இருபது அங்குலத்துக்குக் குறையாமல்

துப்பாக்கிக் கடையில் ஒரு துப்பாக்கியை எடுத்துக் கொடுக்கப் பத்து நிமிடம் போதும். கொடுக்கலாமா என்று காகிதம் பார்த்து முடிப்பதற்குத்தான் ஆயுள் போகிறது.

தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், லைசென்ஸ் பெற்ற கடையொன்றில் பதினெட்டு வருடமாகக் கவுன்டரில் நிற்கிறேன். துணிக்கடையோ மருந்துக்கடையோ, நாள் முழுக்க நின்றே பிழைக்கிறவர்களுக்கு என் முழங்கால் சொல்வது புரியும். துணிக்கடைக்காரரிடம் நீளத்தைக் குறைக்கச் சொன்னால் பக்கத்து டெய்லரைக் கை காட்டிவிடுவார். என்னிடமும் அதையேதான் கேட்கிறார்கள். நீளக் குழல் துப்பாக்கி வண்டியில் இடிக்கும், நிலைப்படியில் தட்டும், தூக்கினால் முன்பாரமாக இழுக்கும். குட்டையாக இருந்தால் சௌகரியம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாதாரண லைசென்ஸில் குழல் இருபது அங்குலத்துக்குக் குறையக் கூடாது. இருக்கிற குழலை நாமாக அறுத்தால் வழக்கு. இந்த இரண்டு வரியை நான் சொன்ன தடவைகளுக்குக் கணக்கே இல்லை.

மடியில் இடம்

செல்வராஜ் சார் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று, ஏ.டி.எம்.களுக்குப் பணம் கொண்டுபோகும் வேனில் காவலாளியாக இருந்தார். துப்பாக்கி அவருடைய சொந்த இரட்டைக் குழல், முப்பது அங்குலம். ஒரு நாள் அதை உறையோடு கவுன்டரில் வைத்துவிட்டு, அக்கம்பக்கம் பார்த்து, குழலில் ஒரு சாண் அறுத்துத் தர முடியுமா என்று தணிந்த குரலில் கேட்டார். வேனில் ஏறும்போது கூரையில் இடிக்கிறதாம். உட்கார்ந்தால் முட்டிக்கு நடுவே நிற்க வைத்துப் பிடித்துக்கொண்டே வரவேண்டுமாம். என் இரண்டு வரியைச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் விதிப்படி நடந்த மனுஷன், தப்பான ஒன்றைக் கேட்டுவிட்டோமே என்று அவருக்கே கூச்சம்.

சட்டத்துக்கு உட்பட்ட குட்டைத் துப்பாக்கி எங்களிடமே ஒன்று இருந்தது. கம்பெனியிலேயே இருபது அங்குலமாகச் செய்தது. பழையதைக் கடையிலேயே கொடுத்துவிட்டு இதற்கு மாற்ற அனுமதி கேட்டு மனு எழுதினோம். மனு, சரிபார்ப்பு, மறுபடியும் மனு என்று ஏழு மாதம் ஓடியது. வேலை முடிந்து வரும்போதெல்லாம் உள்ளே வந்து அந்தக் குட்டைத் துப்பாக்கியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார், பொருத்தம் பார்த்து வைத்த வரனைப் போல. ஒருவழியாகக் கையில் கிடைத்து ஒரு வாரம் கழித்து, சீருடையோடு வந்தார். துப்பாக்கி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"வீட்ல கட்டிக் குடுக்கிற டிபன் பாக்ஸை இப்பதான் சார் மடியில வச்சுச் சாப்பிடுறேன்" என்றார்.

கதவுக்குப் பின்னால்

மறைமலை நகரில் உதிரிபாக ஃபேக்டரியில் வேலை செய்கிற ஒரு பையன், கல்யாணமாகி மூன்று மாதம், மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தான். கதவுக்குப் பின்னால் சாத்தி வைக்கிற மாதிரி குட்டையாக ஒன்று வேண்டும் என்றான். லைசென்ஸ் இருக்கிறதா என்றேன். ஆதார் இருக்கிறது என்றான். சிரிப்பை அடக்கிக்கொண்டு விசாரித்தேன். புதிதாக ப்ளாட் போட்ட இடத்தில் இவர்கள் வீடு மட்டும் தனியாக நிற்கிறது. இவனுக்கு மாதத்தில் பாதி நாள் நைட் ஷிஃப்ட். மிஷின் முன்னால் நிற்கும்போதெல்லாம் வீட்டு ஞாபகமாகவே இருக்கிறதாம். ஒரு தடவை கையே மாட்டியிருக்குமாம். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு போய்விட்டது. மனு போட்டாலும் கிடைப்பது நிச்சயமில்லை, அதுவரை இரும்புக் கேட் போட்டு உள்பக்கம் நல்ல தாழ்ப்பாளாக வையுங்கள் என்றேன். இது வியாபாரிக்கு அழகில்லைதான். பையன் விடாமல், எது குட்டை, எது லேசு, பெண்கள் தூக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அதுவரை வாய் திறக்காத அந்தப் பெண் அவன் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எனக்குத் துப்பாக்கி வேணாம் சார், இவரைப் பகல் ஷிஃப்ட்டுக்கு மாத்தணும்னா அதுக்கு எங்க லைசென்ஸ் வாங்கணும்?"

முதலில் தூக்கியது

முடிச்சூரில் பெருவெள்ளம் வந்த வருடம், கடையில் ஒரு மாதத்துக்கு ஈரத் துப்பாக்கிகளாகவே வந்தன. வீடு காயும்வரை கடையில் வைக்க வந்த கந்தசாமி சாருடையது மட்டும் பொட்டு ஈரமில்லாமல் இருந்தது. பழைய குடியானவர், நிலமெல்லாம் வீடாகிவிட்ட பிறகும் துப்பாக்கியை விடாதவர். தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது, குட்டைக் குழலாக இருந்ததால் பிளாஸ்டிக் பையில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறி, மொட்டை மாடி டேங்க் மேல் வைத்துவிட்டாராம். பிறகுதான் இறங்கி வந்து மனைவியை ஏற்றினாராம். நீளத் துப்பாக்கியாக இருந்தால் ஏணி ஏறும்போதே மாட்டியிருக்கும் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கூட வந்த அவர் மனைவி எங்கள் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ரசீதில் கையெழுத்துப் போட உள்ளே போனதும் அந்த அம்மாவிடம், கோபமா என்று கேட்டேன். மாடியில் இரண்டு நாள் அவரோடு பேசவே இல்லையாம். மூன்றாம் நாள்தான் துப்பாக்கியை முதலில் ஏற்றிய காரணத்தை இந்த அம்மா கேட்டாராம். துப்பாக்கி வெள்ளத்தோடு போனால் போலீஸ் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலையவேண்டி வரும், நான் உள்ளே போய்விட்டால் உனக்கு வேளாவேளைக்கு இன்சுலின் ஊசி போட யார் இருக்கிறார்கள் என்றாராம் அவர். சொல்லிவிட்டு அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அதுக்காக மன்னிச்சிட்டேன்னு அவர் கிட்ட சொல்லிடாதீங்க தம்பி, இன்னும் கொஞ்ச நாள் பயந்துகிட்டே இருக்கட்டும்."

கட்டை

பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து மேரி என்கிற பெண், போர்வையில் சுற்றிய துப்பாக்கியோடு வந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. கணவர் அந்தோணி வங்கி வாசலில் காவலாளி, மாரடைப்பில் போய்விட்டார். லைசென்ஸ்காரர் இறந்தால் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, எங்களைப் போன்ற கடையில் ஒப்படைக்க வேண்டும். வாங்கி வைத்தோம். ஒரு மாதம் கழித்து மேரி மறுபடியும் வந்தது. பெண் காவலாளி வேண்டுமென்று ஒரு நகைக்கடையில் கேட்டிருக்கிறார்களாம், சொந்தத் துப்பாக்கி இருந்தால் வேலை உறுதியாம். வாரிசு என்ற முறையில் மனு போட்டது. பயிற்சிக்கும் போனது. லைசென்ஸ் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

வந்த பிறகுதான் சிக்கல். மேரி நாலே முக்கால் அடி. அந்தோணி ஆறடி. துப்பாக்கியைத் தோளில் பொருத்தினால் விசைக்கு விரல் எட்டவில்லை. குட்டையாக வேறொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றேன். "அவ்ரு வச்சிருந்ததுதான் வேணும்ணா" என்றது. எங்கள் மெக்கானிக் பாஷா பாய் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரும்பைத்தான் அறுக்கக் கூடாது, தோளில் பதிகிற மரக்கட்டையைக் குறைக்கலாமே என்றார். பென்சிலால் கோடு போட்டு, மேரியைக் கூப்பிட்டு நிற்க வைத்து அளந்து, மறுபடியும் கோடு போட்டார். கட்டையின் கடைசி இரண்டு அங்குலம் அறுபட்டு விழுந்தது. தோளில் பதிந்து பதிந்து அந்தத் துண்டு ஒரு பக்கம் மட்டும் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது.

வெட்டின இடத்தைத் தேய்த்து ரப்பர் பட்டை வைத்துக் கொடுத்தார் பாய். மேரி தோளில் வைத்துப் பார்த்தது. விரல் எட்டியது. நாங்கள் எல்லோரும் மூச்சு விட்டோம். லைசென்ஸ் புத்தகத்தையும் துப்பாக்கியையும் பையில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனது, திரும்பி வந்தது. பாய் குப்பைக் கூடையில் போடப்போன மரத்துண்டைக் கையை நீட்டிக் கேட்டது.

"அவ்ரு தோள் பட்ட இடம் அதுலதான் கீது, அத்த எனுக்குக் குட்த்துருங்கண்ணா."

இத்தனை வருடத்தில் என் கையால் போன துப்பாக்கிகளில் ஒன்றுகூட யாரையும் சுட்டதாகத் தகவல் இல்லை. வாங்கிய பொருளை ஒருதரம்கூடப் பயன்படுத்தாமலே வாடிக்கையாளர் திருப்தியாக இருக்கிற வியாபாரம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.