கொல்லையில் நின்ற விவசாயி

மானிய வேலையில் இருப்பவனுக்கு இரண்டு பக்கமும் திட்டு நிச்சயம்; சம்பளம்தான் நிச்சயமில்லை. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக்கு அச்சு போட்டுக்கொண்டிருந்த நான், சொட்டுநீர்ப் பாசன மானியத்துக்குப் போட்டோ எடுத்துச் செயலியில் ஏற்றும் ஒப்பந்த வேலைக்கு வந்தேன். செல்போனும் கையுமாக வெயிலில் அலைகிற சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது புரியும்.

பட்டாதாரர் எங்கே?

வேப்பூர் பக்கம் மைமூன் அக்காவின் மக்காச்சோளக் கொல்லை. கம்பெனிக்காரர்கள் குழாய் பதித்துவிட்டார்கள். பட்டாதாரர் கொல்லையில் நிற்கிற படம் ஏறினால்தான் மானியம். ஏறாவிட்டால் குழாயைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பட்டா அக்காவின் கணவர் பெயரில். அவரோ குவைத்தில் லாரி ஓட்டுகிறார். சோளம் கதிர் பிடிக்கிற நேரம், தண்ணீர் இல்லாவிட்டால் பட்ட பாடெல்லாம் மண்ணோடு போகும்.

விதியைச் சொன்னேன். அக்கா களைக்கொத்தைக் கீழே வைக்காமலே கேட்டார்: "டிராக்டர் வுட்டு ஓட்டனது நானு, வெத போட்டது நானு. அவரு மூஞ்சியப் பாத்தாத்தான் தண்ணி சொட்டுவேங்குதா?"

குவைத்திலிருந்து ஒரு போஸ்

மறுநாள் அக்காவே ஒரு வழி கண்டுபிடித்தார். கணவரை வீடியோ காலில் கூப்பிட்டு, போனைச் சோளத் தட்டைகளுக்கு நடுவே உயர்த்திப் பிடித்தார். அவரும் அங்கே சட்டையைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக நின்றார். எனக்கும் கொஞ்சம் கொழுப்பு உண்டு, எடுத்துவிட்டேன். ஆபீசில் பக்கத்து மேசைக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துச் சொன்னார்: "ஆளு நல்லாத்தான் இருக்காரு. சோளக்கதுர வுட சின்னதா இருக்காரு, அதான் யோசனை."

வாடகை மீசை

அதிகாரி சிரிக்கவில்லை. கணவர் மாதிரியே மீசை வைத்த யாரையாவது தூரமாக நிற்க வைத்து எடு, எல்லா ஊரிலும் நடப்பதுதான் என்றார். கூசிக்கொண்டேதான் அக்காவிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். மெதுவாகத்தான் கேட்டார், அதுதான் அதிகமாகச் சுட்டது. "எவனோ ஒருத்தன் வந்து நின்னா அவன் வெவசாயி. நான் நின்னா களையா தம்பி?"

குழாய் சுருட்ட வந்த வண்டி

அந்த வாரமே கம்பெனி வண்டி வந்துவிட்டது; சேதி கேட்டு நானும் ஓடினேன். அக்கா மோட்டார் பக்கத்தில், குழாய் ஆரம்பிக்கிற இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். களை வெட்ட வந்திருந்த பெண்களும் வரிசையாகக் குழாய்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். வந்தவர்கள் கெஞ்சியும் பார்த்தார்கள், மிரட்டியும் பார்த்தார்கள், ஒருத்தியும் அசையவில்லை.

எனக்கும் ஆத்திரம் தலைக்கேறியது. அக்காவை எழுந்து நிற்கச் சொல்லிப் படமெடுத்து, விவசாயி என்ற இடத்தில் அவர் பெயரையே போட்டு ஏற்றினேன். அதிகாரிக்குப் போன் செய்து அதைச் சொல்லியும் விட்டேன். இங்கே பெண்கள் போட்ட சத்தம் அவர் காதுக்கும் போயிருக்க வேண்டும், இறங்கி வந்தார்: "சரி, பாஸ் பண்ணித் தொலைக்கிறேன். தண்ணிய வுடச் சொல்லு. மேலேருந்து கேட்டா நீதான் பதில் சொல்லணும்."

கேட்டும் விட்டார்கள், பட்டாதாரரை விட்டு வேறு ஆளை ஏன் படமெடுத்தாய் என்று; நான் போன அன்றைக்கெல்லாம் அந்தக் கொல்லையில் விவசாயி என்று நின்றது அவர் ஒருவர்தான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், வேலை போனால் களை வெட்டக் கூப்பிடுவதாக அக்கா வாக்குக் கொடுத்திருக்கிறார்.