வெற்று ஃபைல்கள்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குத் துடைப்பம் அக்கா என்று பெயர். மேசையில் காபிக் கறை இருந்தால் அவருக்கு வேலை ஓடாது. நிரலில் வேண்டாத வரி ஒன்று இருந்தால் சோறு இறங்காது. எங்கள் குப்பையையும் சேர்த்து அள்ளுபவர் என்றாலும் கிண்டலுக்கு மட்டும் நாங்கள் குறை வைத்ததில்லை.

நாங்கள் செய்வது ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கான மென்பொருள். நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் 'கிட்' என்ற கருவியில் சேமிப்போம். காலி ஃபோல்டரை அது சீந்தவே சீந்தாது. உள்ளே ஒரு ஃபைலாவது இருந்தால்தான் வைத்துக்கொள்ளும். அதனால் ஒன்றுமே எழுதாத ஒரு ஃபைலை உள்ளே போட்டுவைப்போம். வேறு கருவியில் பழகி வந்த அக்காவுக்கு இது தெரியாது. நாங்களும் சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த வெற்று ஃபைல்களையெல்லாம் குப்பை என்று அழித்துவிட்டார். அவர் கணினியில் ஃபோல்டர்கள் அப்படியே இருந்ததால் சோதனையெல்லாம் சரியாக ஓடியது.

திங்கள் காலை புதிய பதிப்பை எங்கள் ஆள் ஒருவர் ஓர் ஆஸ்பத்திரியில் நிறுவினார். பத்து மணிக்கு அங்குள்ள பரிசோதனைக்கூடத்து அம்மா போன் செய்தார்.

"காலையிலேருந்து ஒரு ரிசல்ட்டும் டாக்டருங்களுக்குப் போகலை. மெஷின் அனுப்பிட்டேன்னுதான் சொல்லுது. முப்பத்தொரு பேர் வெளியில உக்காந்திருக்காங்க."

மேலாளர் நிறுவப் போனவரைப் போனிலேயே காய்ச்சி எடுத்தார். "நான் எதையும் தொடலைங்க சார்" என்று அவர் கெஞ்சுவது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அக்கா புதிய பதிப்பைத் திறந்து பார்த்தார். ரிசல்ட் வந்து விழவேண்டிய ஃபோல்டரே இல்லை. முகம் வெளிறிவிட்டது.

"அவரைத் திட்டாதீங்க சார். நான்தான். காலி ஃபைலுன்னு அழிச்சுட்டேன்."

அந்த மாற்றத்தைப் படித்துப் பார்த்து ஒப்புதல் தரவேண்டியவன் நான். வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் படிக்காமலே கொடுத்துவிட்டேன்.

ஃபோல்டரை உண்டாக்கி, மெஷினை மறுபடி அனுப்பச் சொன்னோம். அதன் நினைவில் கடைசி முப்பது ரிசல்ட்தான் இருந்தது.

"முதல்ல வந்த குழந்தையோடது போச்சு. எடுத்த ரத்தமும் மிச்சமில்லை, திரும்பக் குத்தணும்" என்றார் அந்த அம்மா. போன் ஸ்பீக்கரில் இருந்தது. குழந்தை வீறிட்டது. அக்கா அழுதுவிட்டார்.

"இதை யாருமே பார்க்கலையா?" என்று மேலாளர் கேட்டார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "யார் பார்த்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது சார்."

எனக்குத் தெரிந்திருக்கும்.