எட்டாம் கேட்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, ரயில்வே கேட்டை ஒட்டிக் குடியேறிய, தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன் குடும்பங்களால் உண்டான ஊர் எட்டாம் கேட். தங்கபாயின் அப்பா அங்கே தண்டவாளத்துக்கு ஜல்லி இடித்தே முதுகு வளைந்தவர். கணவர் அதே தண்டவாளத்தில் அடிபட்டுச் செத்தார். வாரிசு வேலை வாங்கி, இருபது வருஷம் கேட்டைத் திறந்து மூடியவள் தங்கபாய். கேட்டை எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதை போட்டதும், பக்கத்தில் மனை விற்றவன் வைத்த ‘கோல்டன் நகர்’ என்ற பெயர் ஊராட்சியின் தெருப் பட்டியலில் ஏறிவிட்டது. ஊர்க்காரர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஊராட்சி அலுவலகத்தில் தங்கபாய், பழைய பெயரையே எழுதச் சொல்லி மேசையை ஓங்கித் தட்டினாள்.

“கேட்டுதான் இப்ப இல்லையே, பெரியம்மா?” என்றான் எழுத்தர் விமல்.

“ஏலே, ஒன் தெருப் பேரு என்ன?”

“தெப்பக்குளத் தெரு.”

“குளம் இருக்கா?”

“அதைத் தூத்து எம்புட்டு வருசமாச்சு!”

“அப்ப நீ மட்டும் எந்தத் தண்ணிக்குள்ள குடியிருக்க?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். முகம் கறுத்த விமல், பட்டியலில் ‘முன்னாள் எட்டாம் கேட்’ என்று எழுதிக் காட்டினான். தங்கபாய் பேனாவைப் பிடுங்கி, ‘முன்னாள்’ என்ற சொல்லைத் தாள் கிழிய அடித்தாள்.

“நாங்க இன்னும் சாகலலே. அங்கனதான் இருக்கோம்.”